மின்சார கார் வாங்கலாமா? முதலில் அது இரவில் எங்கே நிற்கும் என்று சொல்லுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். 12 வருடம் ஓடிய பெட்ரோல் கார் இப்போது அடிக்கடி செலவு வைக்கிறது, மாற்றியாக வேண்டும். தினமும் வேலைக்குப் போய்வர 45 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை 320 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெற்றோர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். குடியிருப்பது அடுக்குமாடியில். உங்கள் மைத்துனர் "எட்டு வருடத்தில் பேட்டரி செத்துவிடும்" என்கிறார், அலுவலக நண்பர் "இரண்டு வருடம் பொறுங்கள், புது வகை பேட்டரி வருகிறது" என்கிறார், இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்ததில், அதற்குள் வேறொரு கவலை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது: இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு நடுவழியில் குழந்தைகளோடு நின்றுவிடுவோமா, நாலைந்து வருடம் கழித்து தப்பு செய்துவிட்டோமே என்று நினைப்போமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

21 வருடமாக வண்டிகளின் மின்சாரப் பகுதியில் வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், வயரிங். கடைசி 9 வருடம் பெரும்பாலும் மின்சார கார்களின் பேட்டரியும் சார்ஜிங் கோளாறுகளும்தான். சொந்தமாக ஒரு மின்சார கார் 6 வருடமாக ஓட்டுகிறேன். கார் விற்பது என் தொழில் இல்லை. பேட்டரி, மோட்டார், சார்ஜிங் பற்றி நான் சொல்வதை நம்பி முடிவெடுக்கலாம். மறுவிற்பனை விலை, வரிச்சலுகை, நாளைக்கு மின் கட்டணம் எப்படிப் போகும் என்பதெல்லாம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவை, அவை வரும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி, ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்), பிராண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் தீர்க்கவேண்டியது, கார் இரவில் எங்கே நிற்கும், அந்த இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா என்பதைத்தான். என்னிடம் வருகிறவர்களில் மின்சார கார் வாங்கி சந்தோஷமாக இருப்பவர்களையும், ஒரே வருடத்தில் சலித்துப்போய் விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். சலித்துப்போனவர்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: வீட்டில் சார்ஜ் போட வழியில்லை, ஒவ்வொரு முறையும் பொது சார்ஜரைத் தேடிப் போய் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. பேட்டரி தேய்ந்துவிட்டது என்பதற்காக விற்றவர் ஒருவர்கூட என் நினைவில் இல்லை.

இதற்குக் காரணம் எளிது. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியதால், சார்ஜ் போடுவதை நாம் பெட்ரோல் போடுவது போலவே கற்பனை செய்கிறோம், காலியானால் போய் நிரப்புவது என்று. வீட்டில் பாயின்ட் இருக்கிறவர் அப்படி வாழ்வதே இல்லை. இரவு வந்து செருகுகிறார், காலையில் எடுக்கிறார், செல்போன் மாதிரி. உங்கள் 45 கிலோமீட்டருக்கு நடுத்தர அளவு கார் 7 அல்லது 8 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 9 யூனிட் வரை ஓடும். சாதாரண 230 வோல்ட் பாயின்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு 2.3 யூனிட். ஆக நாலு மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்பி வந்துவிடுகிறது. கார் வீட்டில் நிற்பதோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் இருந்தால் வசதிதான், ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அது கட்டாயம் இல்லை. பெற்றோர் வீட்டிலிருந்து ஞாயிறு இரவு வந்து திங்கள் காலை முழு சார்ஜோடு கிளம்ப வேண்டும் என்றால் மட்டும்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தச் சாதாரண பாயின்ட் நல்ல பாயின்ட்டாக இருக்கவேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கார் வந்த புதிதில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய சாக்கெட்டிலேயே செருகிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் அதிகாலையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. இறங்கிப் போய்ப் பார்த்தால் பிளக்கின் ஒரு பின் பழுப்பாகி, சாக்கெட் உருகி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு வாட்டர் ஹீட்டரும் இதே அளவு மின்சாரம்தான் எடுக்கும், ஆனால் அது கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த இணைப்பு முதல் அரை மணியில் சூடாகி, அப்புறம் அந்தச் சூட்டிலேயே இன்னும் தளர்ந்து, விடியும்போது உருகி நிற்கும். அதனால் காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிடி, ஒழுங்கான எர்த், இந்த நான்கும் இல்லாமல் ஒரு நாள்கூட செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் வாரம், சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுக்குமாடி என்பதால் உங்களுக்கு இதில் கூடுதல் வேலை இருக்கிறது. உங்கள் பார்க்கிங் எண்ணுக்கு நேராக வயர் இழுக்க சங்கம் சம்மதிக்குமா, அந்த மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுமா இல்லை பொது மீட்டரிலா, கட்டடத்துக்கு வரும் மொத்த லோடு தாங்குமா என்று மூன்றையும் கேளுங்கள், வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை நம்பி முன்பணம் கட்டியவர்கள் எட்டு மாதம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் முடியவே முடியாது, ஆனால் அலுவலகத்தில் பகலில் செருகலாம் என்றாலும் சரிதான், உங்கள் ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் வேலை மாறினால் சார்ஜரும் போய்விடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இல்லை என்றால், என் பதில் தயக்கமில்லாமல் "இப்போது வேண்டாம்". வெளியிலிருந்து சார்ஜ் போடத் தேவையில்லாத, பெட்ரோல் எஞ்சினும் சின்ன பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் ஒன்று உங்களுக்கு அதைவிட நிம்மதியாக இருக்கும்.

இப்போது உங்கள் மைத்துனருக்கு வருவோம். அந்த எட்டு வருடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி கொடுக்கின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்பதுதான் வழக்கமான வாசகம். வாரண்டி முடியும் நாளை பேட்டரி சாகும் நாள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருட வாரண்டி என்பதால் அது ஒரு வருடத்தில் சாவதில்லையே. லித்தியம் பேட்டரி ஒரு நாள் திடீரென்று நிற்பதில்லை, மெல்ல மெல்லச் சுருங்கும். ஆயிரக்கணக்கான கார்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். முதல் வருடம் கொஞ்சம் வேகமாகக் குறைந்து, அப்புறம் நிதானமாகும். இது சராசரிதான், ஒரே மாடலில்கூட ஒரு காருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதம் 22 வேலை நாள், 45 கிலோமீட்டர், அதோடு ஊர் போய்வர 640. வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். 60 யூனிட் பேட்டரி உள்ள கார் ஒரு முழு சார்ஜில் 350 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 60 முழு சுழற்சிக்கும் (முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவது ஒரு சுழற்சி) குறைவு. பத்து வருடத்தில் 600. இன்றைய கார் பேட்டரிகள் ஆயிரத்துக்கு மேல் சுழற்சி தாங்கும்படி செய்யப்பட்டவை, இரும்பு-பாஸ்பேட் வகை அதைவிட இன்னும் கூட. ஆக உங்கள் பேட்டரி ஓடி ஓடித் தேய்வதைவிட, காலத்தாலும் வெப்பத்தாலும்தான் தேயும். மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்: எட்டு வருடத்தில் 70 சதவீதமாகிவிட்டது. 60-இல் 42 யூனிட் மிச்சம். அப்போதும் உங்கள் வேலை நாள் ஓட்டத்தை ஐந்து நாள் சேர்த்து ஒரே சார்ஜில் ஓட்டலாம். பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது மட்டும் வழியில் இன்னும் ஒரு நிறுத்தம் கூடும்.

வெப்பம் என்றேன், அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் நல்ல பேட்டரியையும் கெட்ட பேட்டரியையும் பிரிப்பது பெரும்பாலும் அதுதான். 2010 இறுதியில் வந்த நிஸான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்க திரவ ஓட்டம் கிடையாது. 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில் அதை ஓட்டியவர்கள், ஓரிரு வருடத்திலேயே கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைவதாகப் புகார் செய்தார்கள். குளிர்ந்த ஊர்களில் அதே கார் நன்றாகவே ஓடியது. அன்றைக்குப் பரவிய பயம்தான் இன்னும் பேச்சில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான கார்களில் பேட்டரிக்குள் கூலன்ட் ஓடுகிறது. வாங்கும்போது "பேட்டரிக்கு திரவக் குளிரூட்டல் உண்டா" என்று கேளுங்கள். வெயில் அதிகம் உள்ள இடம் என்றால் இல்லாத காரை வாங்காதீர்கள், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்புறம் பேட்டரிக்குள் என்ன வேதியியல் இருக்கிறது என்றும் கேளுங்கள். இன்று பெரும்பாலும் இரண்டு வகைதான். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்எம்சி ஒன்று, இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எல்எஃப்பி இன்னொன்று. என்எம்சி அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும், தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு பயணத்துக்கு மட்டும் 100 வரை ஏற்றினால் நீண்ட நாள் வரும். எல்எஃப்பி கொஞ்சம் கனம், குளிரில் மெதுவாக சார்ஜ் ஏறும், ஆனால் ஆயுள் அதிகம், வெப்பத்தில் எளிதில் கட்டுமீறாது. அதில் ஒரு விசித்திரம் உண்டு: சார்ஜ் 30 சதவீதமாக இருந்தாலும் 80 ஆக இருந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை காரின் கணினியால் சரியாக யூகிக்க முடியாமல் போகும். அதனால்தான் அந்த வகைக்கு வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். இதைச் செய்யாமல், 15 சதவீதம் காட்டிய கார் சட்டென்று பூஜ்யத்துக்குப் போய்விட்டது என்று இழுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பேட்டரியில் கோளாறே இருக்காது. முழுசாக ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் கணக்கு நேராகிவிடும். உங்கள் ஓட்டத்துக்கு நான் எல்எஃப்பியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

உண்மையில் பட்டறைக்கு வருவது எது என்று கேட்டால், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: அதிகம் வருவது அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. மின்சார காரிலும் விளக்கு, பூட்டு, கணினி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது சார்ஜ் போர்ட்டில் தேய்மானம், பூட்டும் கொக்கி சிக்கிக்கொள்வது. பெரிய பேட்டரியில் வரும் கோளாறு பெரும்பாலும் ஒட்டுமொத்தத் தேய்மானம் கிடையாது, நூற்றுக்கணக்கான செல்களில் ஒன்று பலவீனமாகி மற்றவற்றையும் பின்னுக்கு இழுப்பது, அல்லது ஒரு ரிலே, ஒரு சென்சார் போவது. அந்த செல் இருக்கும் தொகுப்பை, அதாவது மாட்யூலை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடிகிற வடிவமைப்பும் இருக்கிறது, எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி, முழுசாகத்தான் மாற்றியாக வேண்டும் என்கிற வடிவமைப்பும் இருக்கிறது. விற்பனையாளரிடம் கேட்காதீர்கள், சர்வீஸ் பிரிவில் போய் "ஒரு மாட்யூல் மட்டும் மாற்றியிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். இன்னொன்று, பேட்டரி காரின் அடித்தளம் முழுக்கப் பரவியிருக்கிறது. பெரிய கல்லில் அடிவாங்கி உறை நசுங்கினால், உள்ளே ஒன்றும் ஆகாவிட்டாலும் காப்பீட்டுக்காரர்கள் மொத்த காரையும் கழித்துவிடக்கூடும். பாலிசியில் பேட்டரி எப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள்.

320 கிலோமீட்டர் பயணத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருக்கும் ரேஞ்ச் பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பரிசோதனைக்கூடத்தில், குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டி எடுத்த எண். ஐரோப்பாவில் தொடங்கிய டபிள்யூஎல்டிபி முறையில் ஓர் எண் வரும், அமெரிக்காவின் இபிஏ முறையில் அதே காருக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். இரண்டிலும் நெடுஞ்சாலை வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவது அவ்வளவாகப் பிரதிபலிக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும்: 90-இல் போவதற்கும் 120-இல் போவதற்கும் காற்று பிடித்து இழுப்பது ஏறக்குறைய 78 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான், ஆனால் அங்கே நமக்குத் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்று புரிந்துகொண்டால், மின்சார காரைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியென்றால் 400 கிலோ எடையுள்ள 60 யூனிட் பேட்டரியில் இருப்பது மொத்தமே ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றல். அதை வைத்துக்கொண்டு அந்தக் கார் 350 கிலோமீட்டர் போகிறது, ஏனென்றால் மோட்டார் வாங்கியதில் 90 சதவீதம் வரை சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் கால் பங்கைத்தான் கொடுக்கிறது, மீதி ரேடியேட்டரிலும் புகையிலும் சூடாக வெளியே போகிறது. அவ்வளவு வீணாக்கும் எஞ்சினில் இன்னும் கொஞ்சம் வீணானால் யாருக்கும் உறைக்காது. வீணே ஆகாத காரில் வேகம், எதிர்க்காற்று, மேடு, கூரைமேல் கட்டிய சாமான் ஒவ்வொன்றும் உடனே எண்ணில் தெரியும். குளிரிலும் இதேதான். பெட்ரோல் காரில் ஹீட்டர் இலவசம், வீணாகும் சூட்டையே உள்ளே திருப்பிவிடுகிறது. மின்சார காரில் அந்தச் சூட்டைப் பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் உண்டாக்கவேண்டும், உறைபனியில் ரேஞ்ச் 20-இலிருந்து 40 சதவீதம் வரை குறையலாம். வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்துக் கொடுக்கும் ஹீட் பம்ப் உள்ள காரில் இழப்பு குறைவு. வெயில் காலத்து ஏசி இந்த அளவுக்குத் தின்னாது. ஆனால் குளிர் என்றால் ஓட்டவே முடியாது என்பதும் சரியில்லை. நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் மின்சாரக் கார்கள்தான்.

உங்கள் பயணம் அப்படியென்றால் இப்படி இருக்கும். வீட்டிலிருந்து 100 சதவீதத்தோடு கிளம்புகிறீர்கள். மணிக்கு 100, 110-இல் போனால் நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட். 200 கிலோமீட்டரில் 36 யூனிட் செலவாகி 24 மிச்சம். அங்கே ஒரு வேக சார்ஜரில் 20 நிமிடம் நின்றால் 18 யூனிட் ஏறும். மீதி 120 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் கையில் இருக்கும். பெற்றோர் வீட்டில் சாதாரண பாயின்ட்டில் இரண்டு இரவு போட்டால் திரும்பி வரத் தேவையானது ஏறிவிடும். அந்த வீட்டு வயரிங்கையும் நான் மேலே சொன்னபடி முதலில் பார்த்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர் எப்படியும் நடுவில் 20 நிமிடம் நிற்பார் என்பதால் இதில் நீங்கள் இழப்பது அதிகமில்லை. சார்ஜர் பெட்டியில் 150 கிலோவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். கார் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு, அதுவும் பேட்டரி காலியாக, மிதமான சூட்டில் இருக்கும்போதுதான் உச்ச வேகம். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் மிகவும் குறைந்துவிடும். 80-இலிருந்து 100-க்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சார்ஜருக்கே போய்விடலாம்.

உங்கள் பயம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டென்றால், அது அந்த நடுவழி சார்ஜர்தான். ஒரு முறை இரவு பத்து மணிக்கு, அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு 11 சதவீதத்தோடு ஒரு சார்ஜருக்குப் போய்ச் சேர்ந்தேன். செயலியில் பச்சையாகக் காட்டியது, நேரில் திரை செத்துக் கிடந்தது. அடுத்தது 30 கிலோமீட்டர் தள்ளி. ஏசியை அணைத்துவிட்டு 60-இல் ஊர்ந்து 3 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: 25 சதவீதத்துக்குக் கீழே போவதற்குள் சார்ஜர் இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும், அதற்கு அப்பால் எட்டும் தூரத்தில் இன்னொரு சார்ஜரும் இருக்கவேண்டும். உங்கள் பாதையில் 150-ஆவது கிலோமீட்டருக்கும் 230-ஆவது கிலோமீட்டருக்கும் இடையில் குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில், காரில் செருகும் கேபிள் முனை ஒன்றுக்கு மேற்பட்டு உள்ள வேக சார்ஜர்கள் இருக்கின்றனவா என்று இப்போதே பழைய காரில் போகும்போது இறங்கிப் பார்த்துவிடுங்கள். வேலை செய்கிறதா, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இரவில் அங்கே விளக்கு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் 60 யூனிட் காரை எடுக்காமல் பெரிய பேட்டரி உள்ளதைப் பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கு மட்டும் வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

பணக் கணக்கை நான் போட்டுத் தர முடியாது, உங்கள் பெட்ரோல் விலையும் யூனிட் விலையும் உங்களுக்குத்தான் தெரியும். முறையை மட்டும் சொல்கிறேன். வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் என்பது சார்ஜ் இழப்பையும் சேர்த்து 4,000 யூனிட் வரை. அதில் எவ்வளவு வீட்டு விலையில், எவ்வளவு பொது சார்ஜர் விலையில் என்று பிரித்துப் பெருக்குங்கள். பொது சார்ஜர் பல இடங்களில் வீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு கூட. இதை உங்கள் இப்போதைய வருடாந்திர பெட்ரோல் செலவோடு ஒப்பிடுங்கள். சர்வீஸில் எஞ்சின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட், ஸ்பார்க் பிளக் எல்லாம் மறைந்துவிடும். பிரேக் பேட் வெகு நாள் வரும், ஏனென்றால் காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. டயர் மட்டும் வேகமாகத் தேயும், எடையும் அதிகம், இழுவையும் அதிகம். வருடம் 8,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் என்றால், எரிபொருளில் மிச்சம் பிடித்து விலை வித்தியாசத்தை ஈடுகட்டுவது கடினம் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு 20,000 என்பதால் கணக்கு பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம் சாயும். சாய்வது எவ்வளவு என்பதை யூனிட் விலைதான் முடிவு செய்யும்.

மறுவிற்பனை விலைதான் எனக்கே உறுதியில்லாத இடம். 2010-ஐ ஒப்பிட்டால் இன்று பேட்டரி விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது. புது கார் மலியும்போதெல்லாம் பழைய காரின் விலையும் சேர்ந்து இறங்கும். மூன்று வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போகிற பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய நஷ்டம். நீங்கள் ஒரே காரை 12 வருடம் வைத்திருந்தவர், அதனால் இது உங்களை அவ்வளவாகத் தொடாது. இதே காரணத்தால் மூன்று வருடம் ஓடிய மின்சார கார் ஒன்றை வாங்குவதையும் யோசித்துப் பாருங்கள். வாங்கினால் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைச் சோதித்த சான்று இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் புது பேட்டரி, உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருள் இருக்கும் திட நிலை பேட்டரியைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வு உண்மை, முன்னேற்றமும் உண்மை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் நன்றாக ஓடுவதற்கும் அது உங்களால் வாங்க முடிகிற விலையில் ஒரு காருக்குள் வருவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம்-அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகும், அது கார்களில் பரவலாக இருபது வருடம் ஆனது. வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும். அதற்காக, அடிக்கடி செலவு வைக்கும் ஒரு பழைய காரை இரண்டு வருடம் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்க்கிங்கில் பாயின்ட் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்றால், அது காத்திருக்க நல்ல காரணம்.

தீப்பிடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்ததால் சொல்கிறேன். ஸ்வீடன் போன்ற நாடுகள் எண்ணி வைத்திருக்கும் கணக்குப்படி, கார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மின்சார கார்கள் மிகக் குறைவாகவே தீப்பிடிக்கின்றன. அவை பெரும்பாலும் புதுக் கார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டமாட்டேன். ஆனால் பிடித்தால் அணைப்பது கடினம், அணைத்த பிறகும் மணிக்கணக்கில் கழித்து மீண்டும் எரியக்கூடும். பலமாக அடிபட்ட காரையோ, உப்பு நீரில் மூழ்கிய காரையோ கட்டடத்துக்குள் நிறுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு கடல்நீர் புகுந்த சில மின்சார கார்கள் நாட்கள் கழித்து எரிந்தன.

ஆக, பார்க்கிங்கில் பாயின்ட் கிடைத்து, பெற்றோர் வீட்டுப் பாதையில் இரண்டு இடங்களில் நல்ல சார்ஜர் இருந்தால், 60 யூனிட் அளவில், திரவக் குளிரூட்டலோடு, எல்எஃப்பி பேட்டரி உள்ள ஒரு காரைத் தைரியமாக வாங்குங்கள். வாங்கும் முன் அரை மணி நேர டெஸ்ட் டிரைவோடு விட்டுவிடாமல், ஒரு சனி ஞாயிறு அதே மாடலை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு, சாமான்களோடு அந்த 320 கிலோமீட்டரை ஒரு முறை போய்வந்துவிடுங்கள். வயர் இழுத்து, பிரேக்கர் மாட்டி, பார்க்கிங்கில் முதல் இரவு சார்ஜ் ஏறி, நீங்கள் அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கும் வரைக்கும் பழைய காரைக் கொடுத்துவிடாதீர்கள்.